வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பெரிய அஞ்சாலை வளர்ப்பது எப்படி

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் கரைகளில் கடலடிப் பார்களை ஒட்டி மீன்பிடிக் கூடு போடுகிறவர்களுக்கு, பாம்பு போல் நீண்ட விலாங்கு வகையான அஞ்சாலை (மோரே ஈல்) புதிய மீன் அன்று. வலையைக் கிழிக்கும், கையைக் கவ்வும் என்று சொல்லித் தடியால் ஒதுக்கித் தள்ளப்படுகிற மீன் அது. அதே மீன் கண்ணாடித் தொட்டிக்குள் உடலெங்கும் தேனடைக் கட்டங்களோடு, ஒரு குழாயிலிருந்து தலையை நீட்டியபடி இருப்பதைக் காண்கிறவர்கள் சற்று நேரம் பேச்சற்று நின்றுவிடுகிறார்கள். களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள என் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக அப்படி ஒன்று இருக்கிறது. கேரள எல்லைக்கு இப்புறமிருந்தும், அப்புறத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்தும் அதைப் பார்க்க வருகிறவர்களில் பலர் போகும்போது தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். அவர்களிடம் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன் தொட்டியின் மூடியைப் பற்றியும் மீனின் கழிவைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். அஞ்சாலை எளிதில் சாகிற மீன் அன்று; வீட்டுத் தொட்டியில் அது இறக்கிறதென்றால், பெரும்பாலும் நாம் விட்டுவைத்த இடைவெளி வழியாக வெளியேறி இறந்திருக்கும், அல்லது நாம் கணக்கில் எடுக்காத கழிவில் கிடந்து இறந்திருக்கும்.

எந்த இனம்

அஞ்சாலைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. அவற்றில் வீட்டுக்கு ஏற்றவை சிலவே. பெரியதை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் விலக்க வேண்டியது ஜிம்னோதொராக்ஸ் ஜாவானிகஸ் என்னும் இராட்சத அஞ்சாலையை. 3 மீட்டர் நீளமும் 30 கிலோ எடையும் எட்டக்கூடிய அந்த மீனைக் குட்டியாக வாங்கி வருகிறவர், தன் வீட்டில் அதற்கு இடமில்லாமல் போகும் நாளையும் சேர்த்தே வாங்கி வருகிறார்.

கடைக்காரர்கள் 'டெசலேட்டா' என்று சொல்லும் ஜிம்னோதொராக்ஸ் ஃபாவஜினியஸ்தான் என்னிடம் இருப்பது. வெண்மஞ்சள் உடலில் கரும் புள்ளிகள் நெருக்கமாக அமைந்து, மார்த்தாண்டத்துத் தேனீப் பெட்டியிலிருந்து உருவிய அடையைப் போலத் தோன்றும். இது வளர்ப்பில் ஒன்றரை மீட்டர் வரை போகும் என்று கணக்கிட்டே தொட்டி செய்ய வேண்டும். கடலில் இதைவிடப் பெரியவையும் உண்டு. மீன் தின்னும் இனம் இது. பற்கள் கூரியவை, கடி ஆழமானது. இத்தகைய மீனை முதல் அஞ்சாலையாக எவரும் வாங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதல் முறை வளர்க்கிறவர்களுக்கு நான் காட்டுவது இரண்டு. ஒன்று, 'ஸ்னோஃப்ளேக்' என்று விற்கப்படும் எக்கிட்னா நெபுலோசா. உச்ச நீளம் 1 மீட்டர் என்றாலும் தொட்டிகளில் பெரும்பாலும் 60, 70 செ.மீ. அளவில் நின்றுவிடும். மற்றொன்று, கரும்பழுப்பு உடலில் வெண்வளையங்கள் கொண்ட 'ஜீப்ரா' அஞ்சாலை. இது ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடிய பெரிய மீன்தான். ஆனால் இதன் பற்கள் நண்டு ஓட்டை நொறுக்குவதற்கான கூழாங்கல் போன்ற மழுங்கிய பற்கள், குணமும் சாது. பெரிய அஞ்சாலை வேண்டும், ஆனால் குழந்தைகள் உள்ள வீடு என்றால், என் பரிந்துரை ஜீப்ராதான்.

இரண்டு ஏமாற்றங்களைச் சொல்லிவிட வேண்டும். 'நன்னீர் விலாங்கு' என்று குறைந்த விலைக்கு விற்கப்படுகிற புள்ளி போட்ட சிறு அஞ்சாலை, பெரும்பாலும் நம் கழிமுகங்களில் வாழும் ஜிம்னோதொராக்ஸ் டைல். உப்பு கலந்த நீர் இல்லாவிட்டால் அது மெல்ல மெல்ல உணவை விட்டு மெலிந்து சாகும். நாடா போன்ற நீலநிற ரிப்பன் அஞ்சாலை கண்ணைப் பறிக்கும். ஆனால் பிடித்து வரப்பட்டவற்றில் பெரும்பாலானவை தொட்டியில் உணவை ஏற்பதில்லை. அதை வாங்காமல் விடுவதே அதற்குச் செய்யும் நன்மை.

அஞ்சாலையின் குஞ்சு இலை வடிவில், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலோடு திறந்த கடலில் நெடுநாள் மிதந்து வளர்வது. கோமாளி மீனைப் போல் அஞ்சாலையைப் பண்ணையில் பெருக்கி விற்பவர் எவரும் இல்லை. ஆகவே கடையில் காணும் ஒவ்வோர் அஞ்சாலையும் கடலிலிருந்து எடுக்கப்பட்டதே. நன்றாகப் பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரைக் கடலிலிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறோம் என்ற நினைவோடுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

தொட்டி

அஞ்சாலை நாள் முழுதும் நீந்தித் திரிவதில்லை; பொந்தில் கிடப்பதையே விரும்பும். ஆகவே உயரத்தை விட அடித்தளத்தின் நீள அகலமே முக்கியம். ஸ்னோஃப்ளேக் ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள, ஏறத்தாழ 450 லிட்டர் தொட்டி போதும். ஜீப்ராவுக்கு 6 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் வேண்டும்; நீர் 850 லிட்டர் அளவில் வரும். டெசலேட்டாவுக்கு 8 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆகிறது. நீரின் எடை மட்டுமே 1,700 கிலோ. கண்ணாடி, கல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். மாடியில் இதை வைக்க எண்ணுகிறவர்கள் கட்டடப் பொறியாளரின் சொல்லைக் கேட்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது, தரைத்தளமே நல்லது.

தாங்கிக்கு இங்கே எளிதாகக் கிடைக்கிற ரப்பர் மரப் பலகையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் சுவரே வியர்க்கிற நம் ஊரில், உப்புநீரும் சேர்ந்து சிந்தும் இடத்தில் அந்த மரம் நிற்காது. பூஞ்சை பிடித்து உப்பிவிடும். சிமெண்ட் கட்டைகளை அடுக்கி, மேலே கருங்கல் பலகை போட்டு, அதன்மேல் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை வைப்பதே நான் கண்ட நல்ல வழி.

உள்ளே அமைக்கும் கற்களை வெறும் அடிக்கண்ணாடியின் மேல் நேராக நிறுத்திய பிறகே மணல் போட வேண்டும். மணலின் மேல் கல்லை வைத்தால், அஞ்சாலை அடியில் நுழைந்து மணலைத் தள்ளி, கல் சரிந்து தன்மேலேயே விழச் செய்துவிடும். வெட்டுகல் வேண்டாம், இரும்புச்சத்து மிகுந்த கல் அது. கடலிலிருந்து பவளக்கல் எடுப்பதை நினைக்கவே கூடாது; பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கருங்கல், சுட்ட மண் குழாய், நான்கு முதல் ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஆகியவையே போதும். குழாய்தான் அழகற்றது என்று சிலர் தயங்குகிறார்கள். அஞ்சாலை எந்தக் கல் குகையையும் விடக் குழாயையே விரும்புகிறது என்பதையும், பின்னாளில் அந்த மீனை இடம் மாற்ற அந்தக் குழாயே கைகொடுக்கும் என்பதையும் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தயக்கம் போயிற்று.

மணலைப் பற்றி இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரைகளின் கருமணலில் இல்மனைட், சிர்க்கான், தோரியம் கொண்ட மோனசைட் ஆகியவை கலந்துள்ளன. அங்கே கனிமம் பிரிக்கும் பொதுத்துறை ஆலை இயங்குவதே அதனால்தான். அந்த மணலைத் தொட்டியில் போடக் கூடாது. கதிரியக்கம் ஒரு காரணம். காந்தத்துக்கு இழுபடும் இரும்புக் கனிமத் துகள்கள் மோட்டாரின் காந்தச் சுழலியில் ஒட்டிக்கொண்டு அதை அரைத்துவிடும் என்பது மற்றொரு காரணம். நொறுங்கிய சிப்பி அல்லது சுண்ணத் துகள் மணலைக் கடையில் வாங்கி, இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் போட்டால் போதும்.

மூடி

என் முதல் அஞ்சாலை 45 செ.மீ. நீளமுள்ள ஸ்னோஃப்ளேக். தொட்டி செய்து தந்தவர் மின்வயர் போவதற்காக மூடியின் ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டு விட்டிருந்தார். நானும் அதைப் பார்த்தேன். மீனின் தலை அதைவிடப் பெரியது என்று எண்ணிக்கொண்டேன். ஆறு மாதம் ஒன்றும் நிகழவில்லை. ஒரு மிதுன மாத விடியலில் மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு தொட்டியைப் பார்த்தால் குழாய் காலியாக இருந்தது. கல்லை எல்லாம் எடுத்துத் தேடிவிட்டு, கடைசியில் அலமாரியின் பின்னால் சுவரோரம் கண்டேன்: கயிற்றுத் துண்டைப் போலச் சுருண்டு, உடலெங்கும் தரைத்தூசி ஒட்டி, கையில் எடுத்தபோது தோல் உலர்ந்து காகிதம் போல் சரசரத்தது. வாய் திறந்தபடி இருந்தது. அந்த வெட்டை அடைக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டு ஸ்பாஞ்சும் இரண்டு நிமிடமும்தான்.

அஞ்சாலையின் உடலில் செதிலும் இல்லை, மார்புத் துடுப்பும் இல்லை. உடல் முழுதும் வழுவழுப்பான தசை. முன்னே நுழைவதைப் போலவே பின்னோக்கி நழுவவும் அதற்குத் தெரியும். எனவே மூடியை அமைக்கும்போது தலை நுழையுமா என்று பார்ப்பது போதாது. ஒரு விரல் நுழையும் இடமெல்லாம் அடைபட வேண்டும் என்பதையே அளவாகக் கொள்ள வேண்டும். என் இப்போதைய மூடி 10 மி.மீ. அக்ரிலிக் பலகைகளும், காற்றுப் புழங்குவதற்காக நடுவில் அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த பிளாஸ்டிக் வலையும் கொண்டது. முழுவதும் பலகையால் மூடினால் நீர் சூடேறும், உயிர்வளி குறையும். நான்கு பக்கமும் கொக்கி, அவற்றின் மேல் எடைக்கற்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த அஞ்சாலை வெறும் கண்ணாடி மூடியை முதுகால் தூக்கிவிடும்.

மூடியைச் சரிசெய்தவர்களும் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு: நீர் வழிந்து கீழே வடிகட்டும் தொட்டிக்கு இறங்கும் குழாய். அதன் வாயில் வலைக்கூடை பொருத்தி, அதையும் கிளிப்பால் இறுக்க வேண்டும். சம்ப் எனப்படும் அந்தக் கீழ்த் தொட்டிக்கும் மூடி போட வேண்டும். புதிதாக வந்த அஞ்சாலை முதல் இரண்டு வாரங்களில்தான் ஒவ்வொரு மூலையையும் இரவெல்லாம் துழாவும். பிறகு நீர் கெட்டால், பசித்தால், அறையில் பெரும் அதிர்வு ஏற்பட்டால் மீண்டும் துழாவும்.

நீர்

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, உப்பு எதற்கு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்தில்தான் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அங்கே கரையோர நீர் செம்மண் நிறமாகி, உப்பின் அளவு ஒரே நாளில் தாழ்ந்துவிடும். துறைமுகத்துக்குள் டீசல் படலம் வேறு. படகில் நெடுந்தொலைவு போய்த் தெளிந்த நீரை எடுத்து வர ஆள் இருந்தால், அதை இருட்டில் இரண்டு வாரம் மூடி வைத்து, வடிகட்டிப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்குச் செயற்கைக் கடல் உப்பே உறுதியானது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் 1,700 லிட்டருக்கு 60 கிலோ உப்பு தேவைப்படும்; மாதம் 20 விழுக்காடு நீர் மாற்றினால் அதற்கு 12 கிலோ. சமையல் உப்பு ஒருபோதும் இதற்கு ஆகாது.

உப்பைக் கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராக இருக்க வேண்டும். குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பகுதிகளில் ரப்பர் மரங்களுக்கு மழைக்கு முன் செப்பு மருந்து அடிப்பது வழக்கம். முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்குச் செப்பு நஞ்சு. செதிலற்ற அஞ்சாலைக்கும் அது ஆகாது. தோட்டத்து நடுவில் உள்ள கிணற்று நீரையும், மருந்து கலக்கிய வாளியையும், பித்தளைக் குழாய்த் திருகையும் தொட்டியின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

அடர்த்தி 1.023 முதல் 1.026 வரை, பி.எச். 8.1 முதல் 8.4 வரை, வெப்பம் 25 முதல் 27 பாகை வரை இருக்கட்டும். அடர்த்தியை மிதவைக் கருவியை விட ரிஃப்ராக்டோமீட்டரால் அளப்பது நம்பகமானது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை அன்று; நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் என் தொட்டியில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குறைகிறது. அந்த மாதங்களில் அறை வெப்பம் 32 பாகையைத் தாண்டுவதால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இன்றியமையாதது. ஹீட்டர் நம் ஊருக்குத் தேவையில்லை. அஞ்சாலை அதன்மேல் சுற்றிப் படுத்து உடலைச் சுட்டுக்கொள்ளும்.

கழிவு

பல நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்துவிட்டு ஒரே வேளையில் கைப்பிடி இறைச்சியை விழுங்குகிற மீன், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அத்தனை கழிவையும் ஒரே நேரத்தில் வெளியேற்றும். சிறு மீன்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக இடும் கழிவுக்குப் பழகிய வடிகட்டி அந்த ஒரு நாளில் திணறிப்போகும். அம்மோனியா ஏறுவது அப்போதுதான். ஆகவே வடிகட்டியைச் சராசரி நாளுக்கு அல்ல, அந்த ஒரு நாளுக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு கொண்ட சம்ப், தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு ஐந்தாறு முறை சுற்றவைக்கும் மோட்டார், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும், தொட்டியின் அளவைப் போல் இருமடங்குக்கு மதிப்பிடப்பட்ட புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகியவை அடிப்படை. ஸ்கிம்மரில் செலவைக் குறைக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பணத்தைப் பிறகு உப்பாக வாங்கிக் கொட்டுவார்கள்.

தொட்டியை நிரப்பியதும் மீனை விடக் கூடாது. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால் அம்மோனியா எழும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்த பிறகு, மீண்டும் ஓர் இறால் துண்டைப் போட்டு, அம்மோனியா ஏறினாலும் 24 மணி நேரத்தில் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால்தான் தொட்டி தயார். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அஞ்சாலை தாங்கும்; அதையே காரணமாக்கி நீர் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாங்குவதும் கொண்டுவருவதும்

கடையில் வாங்கினாலும் கரையில் வாங்கினாலும், அது எப்படிப் பிடிபட்டது என்று கேட்க வேண்டும். "கூட்டுல விழுந்தத வாங்குங்க அண்ணே, தூண்டில் முழுங்குனது நிக்காது" என்று இனயத்துக்காரர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொன்னது இன்றுவரை பொய்த்ததில்லை. தொண்டைக்குள் முள் இறங்கிய மீன் இரண்டு வாரம் நன்றாக இருப்பது போல் தோன்றி, பிறகு சாகும்.

வாயை ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது மிரட்டல் அன்று, மூச்சு. செவுள் மூடி அசையாத இந்த மீன் வாய்வழி நீரை இழுத்து, கழுத்தின் இருபுறமும் உள்ள சிறு வட்டத் துளைகள் வழியே வெளியேற்றுகிறது. அந்த அசைவு சீராக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, தாடையில் வெண்புண் இல்லையா என்று பார்க்க வேண்டும். கடைக்காரரை ஒரு கணவாய்த் துண்டு கொடுக்கச் சொல்லி, அது உண்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பையில் பெரிய அஞ்சாலையைக் கொண்டுவர முடியாது, கடித்துவிடும். மூடி திருகக்கூடிய, உணவுப் பொருள் வைத்த பீப்பாயில் பாதி நீர் ஊற்றி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரோடு கொண்டுவர வேண்டும். வலையில் அள்ளினால் தோலின் வழுவழுப்புப் படலம் சிதையும், பற்கள் வலையில் சிக்கும். அது நுழைந்து படுத்திருக்கும் பி.வி.சி. குழாயின் இரு முனைகளையும் துளையிட்ட மூடியால் அடைத்து, குழாயோடு தூக்குவதே முறை. வீட்டில் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் மூடி வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்கிறேன்.

உணவு

புதிய அஞ்சாலை முதல் வாரமோ இரண்டு வாரமோ உண்ணாமல் இருப்பது இயல்பு. விளக்கை அணைத்து, இருட்டிய பிறகு, நீண்ட மரக்கோலின் நுனியில் புதிய கணவாய்த் துண்டைச் செருகி, குழாய் வாயின் முன் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அதன் கண்பார்வை மங்கல். மூக்கின் இரு சிறு குழல்களே அதற்கு வழிகாட்டி. மணம் எட்டியதும் மூச்சின் வேகம் கூடும், தலை இடமும் வலமும் ஆடும், பிறகு குழாயை விட்டு ஒரு முழம் வெளிவரும்.

அது விழுங்கும் முறை மற்ற மீன்களுக்கு இல்லாதது. பெரும்பாலான மீன்கள் வாயை அகலத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும். அஞ்சாலையால் அது இயலாது. முன் தாடை கவ்விய உடனே, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை முன்னால் பாய்ந்து வந்து இரையைப் பற்றி உள்ளே இழுக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-இல் இதைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். துண்டு பெரிதாக இருந்தால் என் அஞ்சாலை வாலில் ஒரு முடிச்சுப் போடும். அந்த முடிச்சு உடல் வழியே தலையை நோக்கி ஏறி வந்து, இரையின்மேல் அழுந்தி, அதைக் கிழித்தெடுக்கும். நூறு முறை பார்த்திருக்கிறேன். இன்னும் அந்த நேரத்தில் வேறு வேலை செய்ய என்னால் முடிவதில்லை.

வளர்ந்த அஞ்சாலைக்கு வாரம் இருமுறை போதும்; 120 செ.மீ. உள்ள என்னுடையதற்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அளவில் கொடுக்கிறேன். நாள்தோறும் கொடுத்தால் தின்னும். ஆனால் கொழுத்து, ஈரல் கெட்டுச் சாகும். கணவாய், இறால், நண்டு, சிப்பிச் சதை, வெண்சதை மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஸ்னோஃப்ளேக், ஜீப்ரா இரண்டுக்கும் நண்டும் இறாலுமே முதன்மை.

நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாளையை மட்டுமே கொடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதன் எண்ணெய் நீரின் மேல் படலமாகப் பரவி ஸ்கிம்மரின் நுரையை அப்படியே படுத்துவிடச் செய்யும். நாள்பட்ட சாளையின் கொழுப்பும் கெட்டிருக்கும். சாளை, நெத்திலி போன்ற மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதியும் உண்டு, அது ஃப்ரீசரில் வைத்தாலும் அழியாது. எதைக் கொடுத்தாலும் வாரம் ஒரு முறை துண்டுக்குள் வைட்டமின் திவலைகளைச் சொட்டிக் கொடுப்பது நல்லது.

எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனையில் எல்லைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன்களைப் பிடித்தது இந்தப் பகுதியில் உள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். அஞ்சாலைக்கான மீனை வள்ளம் கரையேறும் நேரத்தில் கரையிலேயே வாங்கி, கழுவி, ஒருவேளைக்கான பொட்டலங்களாகக் கட்டி, பத்து நாளாவது உறையவைத்து, ஒட்டுண்ணிகள் அழிந்த பிறகு கொடுக்கிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கணவாயின் விலை அப்போது எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மே மாதத்திலேயே இரண்டு மாதத்துக்கானதைச் சேர்த்து வைத்துவிட வேண்டும்.

கை

கையால் உணவு ஊட்டக் கூடாது. பழகிய மீன் என்றாலும் அதற்கு மீன் மணக்கும் விரலுக்கும் மீனுக்கும் வேறுபாடு தெரியாது. தொட்டிக்குள் கை விடும் முன் சோப்பால் கழுவி மணத்தை நீக்க வேண்டும். மீனின் தலை எங்கே இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகே கையை நனைக்க வேண்டும். பெரிய வேலை என்றால் நடுவில் அக்ரிலிக் தடுப்பு வைத்து, அருகில் இன்னொருவரை நிறுத்திக்கொள்ள வேண்டும். கடித்துவிட்டால் இழுப்பதே முதல் தவறு. பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. இழுத்தால் சதை கிழியும். கையை அசைக்காமல் நீருக்குள்ளேயே வைத்திருந்து, பிடி தளர்ந்த பிறகு எடுத்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, காயம் சிறிதானாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கடல்நீர்ப் பாக்டீரியாக்களால் காயம் சீழ்பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். தொட்டிக்கான மின் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் எவரும் உப்புநீரில் கை வைக்க வேண்டாம்.

உடன் வாழும் மீன்கள், நோய், மின்வெட்டு

டெசலேட்டாவுடன் வாய்க்குள் அடங்கும் எதையும் விட முடியாது. பெரிய களவா ஒத்துப்போகும். செங்கடலில் இராட்சத அஞ்சாலையும் களவாவும் கூடி வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் 2006-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கிளாத்தி வேண்டாம், வாலைக் கடித்துப் புண்ணாக்கும். அளவில் வேறுபட்ட இரண்டு அஞ்சாலைகளை ஒன்றாக விட்டால் சிறியது உணவாகும்.

தடித்த வழுவழுப்புப் படலம் இருப்பதால், வெண்புள்ளி நோய் மற்ற மீன்களைத் தாக்கும் அளவுக்கு அஞ்சாலையை எளிதில் தாக்குவதில்லை. தாக்கினாலும் செப்பு மருந்து போடக் கூடாது; நோயுற்ற மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருத்துவம் பார்க்க வேண்டும். தாடைப் புண் பெரும்பாலும் மூடியிலோ கல்லிலோ மோதியதால் வருவது; நீரைத் தூய்மையாக வைத்தாலே ஆறும். விழுங்கியதை மறுநாள் கக்கினால் துண்டு பெரிது என்றோ நீர் குளிர்ந்துவிட்டது என்றோ பொருள்.

காற்றும் மழையுமாக மின்சாரம் அறுபடுகிற இரவுகளுக்கென்று, இன்வெர்ட்டரில் முதலில் காற்று மோட்டாரையும் ஒரு சுழற்சி மோட்டாரையும் இணைக்க வேண்டும். சில்லருக்கு அதில் இடம் கொடுத்தால் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மின்சாரம் நின்ற நேரத்தில் உணவு கொடுக்க வேண்டாம். மின்சாரம் திரும்பியதும் சம்பின் நீர்மட்டத்தையும், பிறகு மூடியின் நான்கு கொக்கிகளையும் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன்.

வளர்க்க இயலாமல் போனால், நம் கடலைச் சேராத மீனைக் குளச்சலில் கொண்டுபோய் விடுவது தவறு; தொட்டியில் பல நாட்டு மீன்களோடு வாழ்ந்த உள்ளூர் மீனையும், அது ஏற்றிருக்கக்கூடிய நோய்களோடு கடலில் விடக் கூடாது. வாங்குவதற்கு முன்பே, தேவைப்பட்டால் இதை ஏற்றுக்கொள்ளும் வசதியுள்ள இன்னொரு வளர்ப்பாளரையாவது பேசி வைத்துக்கொள்ள வேண்டும். விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அங்குள்ள கடல்மீன் காட்சியகத்தை ஒரு முறை போய்ப் பார்த்து, பெரிய தொட்டிக்கு எத்தனை பெரிய வடிகட்டி ஓடுகிறது என்று கேட்டுவிட்டு வந்தால், வீட்டில் எந்த அளவு நமக்கு இயலும் என்பது பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும்.